நூற்றுக்கு நூறு

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டம் முடிந்து படியிறங்கும்போது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த மாதம் ரஷ்யாவைப் பற்றிப் பேசுகிறாயாமே தம்பி, ஸ்புட்னிக்கா, பிலாய் உருக்காலையா?" என்று கேட்டார். "இரண்டும் இல்லை ஐயா, போலீஸ்" என்றேன். அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஆனால் விஷயம் சிரிப்பதற்கு உரியதல்ல.

நாம் குடியிருக்கும் பேட்டைகளில் ஒரு திருட்டோ கொலையோ நடந்தால், முதலில் எந்த வீட்டுக் கதவு தட்டப்படும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரன் வீடு, கூலிக்காரன் வீடு, முன்பு ஒரு தடவை ஸ்டேஷன் வாசலை மிதித்தவன் வீடு. உழைப்பாளிகளின் பெயரால் நடந்த ஓர் அரசாங்கத்தில், சட்டப் புத்தகத்தில் எல்லாம் நன்றாகவே எழுதி வைத்திருந்த ஒரு நாட்டில், இதே விஷயம் எப்படி நடந்தது என்று பார்ப்பது நமக்கு உதவும். அந்த நாட்டைத் தூற்றுவது என் நோக்கமல்ல. இன்று நான் சொல்லப்போகும் செய்திகளை வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் அந்த நாட்டின் சொந்தப் புலனாய்வாளர்களும் பத்திரிகைக்காரர்களும்தான். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அமைப்பு எப்படி இருந்தது என்று சுருக்கமாகப் பார்ப்போம். 1917 பிப்ரவரிப் புரட்சியில் மக்கள் போலீஸ் அலுவலகங்களைக் கொளுத்தினார்கள். பழைய குற்றவாளிகளின் பதிவேடுகளில் பெரும்பகுதி அதிலேயே சாம்பலாகிவிட்டது. நவம்பரில் புதிய அரசு 'மிலீஷியா' என்ற பெயரில் காவல் படை அமைத்தது. குற்றங்களைத் துப்பறிவதற்கென்று தனிப் பிரிவு 1918 அக்டோபர் 5 அன்று தோன்றியது. ஆலைத் தொழிலாளர்களையும் போர்முனையிலிருந்து திரும்பியவர்களையும் அதில் சேர்த்தார்கள். கைரேகை எடுக்கவும் தடயம் பார்க்கவும் தெரிந்த பழைய ஆட்சியின் ஆட்கள் சிலரையும் வேறு வழியின்றி வைத்துக்கொண்டார்கள். 1922-இல் அரசு வழக்குத் துறை வந்தது. அதற்கு ரஷ்ய மொழியில் 'பிரகுரதூரா' என்று பெயர். மிலீஷியாவின் துப்பறிவாளர் தெருவில் அலைந்து ஆளைப் பிடிப்பார். வழக்குத் துறையின் புலனாய்வாளர் ஆளை உட்காரவைத்து விசாரித்துக் கோப்புத் தயாரிப்பார். கொலை வழக்கு என்றால் இவர் கைக்குத்தான் போகும். மாவட்டத்துக்கு ஒருவர், மாகாணத்துக்கு ஒருவர், குடியரசுக்கு ஒருவர், மேலே மாஸ்கோ என்று படிப்படியாக இருந்தார்கள். இந்த வழக்குத் துறைக்கு இன்னொரு வேலையும் உண்டு. விசாரணை சட்டப்படி நடக்கிறதா என்று மேற்பார்வை பார்ப்பதும் அதே துறைதான்! வேலை செய்கிறவனும் வேலையைச் சோதிக்கிறவனும் ஒரே கூரையின் கீழ்.

வக்கீல் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார். ஆனால் 1958-இல் வந்த சட்டப்படி, சிறுவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு, விசாரணை முழுக்க முடிந்து கோப்புக் கட்டிய பிறகுதான் வக்கீல் உள்ளே வரலாம். மனிதன் உடைவது முதல் பத்து நாளில். வக்கீல் வருவதோ பத்தாவது மாதத்தில். 1990-இல்தான் கைதான நேரத்திலிருந்தே வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி, அவருக்கு இருபுறமும் மக்களிலிருந்து தேர்ந்தெடுத்த இரண்டு பேர். ஏட்டளவில் எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் அந்த இரண்டு பேருக்கும் அந்நாட்டு மக்கள் வைத்த பட்டப்பெயர் 'தலையாட்டிகள்'.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நான் ரயில்வேயில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். மாதக் கடைசியில் மேலிடத்துக்குப் போகும் தாளில் எண் எப்படி உட்காருகிறது என்பது எழுதுகிற கைக்குத் தெரியும். வேகன் எத்தனை நகர்ந்தது என்று கேட்டால் வேகன் நகரும். எண் எங்கே என்று கேட்டால் எண்தான் நகரும். சோவியத் நாட்டில் எஃகுக்கு இலக்கு, கோதுமைக்கு இலக்கு என்று இருந்ததைப் போலவே, நடந்த குற்றங்களில் நூற்றுக்கு எத்தனை துலங்கியது என்பதற்கும் கணக்கு இருந்தது. சோஷலிச நாட்டில் குற்றம் குறைந்துகொண்டே போகவேண்டும், நடந்ததெல்லாம் துலங்கவேண்டும் என்பது மேலிடத்தின் எதிர்பார்ப்பு. எண் குறைந்த மாகாணத்தின் அதிகாரி பதில் சொல்லவேண்டும். எண் ஏறிய மாகாணத்தின் அதிகாரிக்குப் பதக்கம். துலங்காத கொலை ஒன்று கோப்பில் கிடப்பது, கொலைகாரன் வெளியே திரிகிறான் என்பதைவிடப் பெரிய தலைவலியாகப் போயிற்று.

இதற்கு நேர் உதாரணம் பைலோரஷ்யக் குடியரசின் வீத்தெப்ஸ்க் மாகாணம். இன்று அது பெலாரஸ் என்ற தனி நாட்டில் இருக்கிறது. 1971-லிருந்து 1985 வரை, பதினான்கு ஆண்டுகள், வீத்தெப்ஸ்க், போலத்ஸ்க் நகரங்களைச் சுற்றிய சாலைகளில் பெண்கள் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார்கள். வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள், ஊருக்குப் போக வண்டியைக் கைகாட்டி நிறுத்தியவர்கள். நீதிமன்றத்தில் கடைசியில் நிரூபணமான கொலைகள் 36. இத்தனையையும் செய்தவன் ஒருவன்: கென்னாதி மிகசேவிச். பண்ணையின் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை, மனைவி மக்கள் உண்டு, கட்சி உறுப்பினர். மிலீஷியாவுக்கு உதவும் தொண்டர் படையிலும் இருந்தான். கொலைகாரனைத் தேடி வண்டிகளை நிறுத்திச் சோதனை போட்ட கூட்டத்தில் அவனும் ஒருவனாக நின்றிருக்கிறான்.

கொலைகள் நடந்தன, வழக்குகளோ துலங்கிக்கொண்டே இருந்தன! அதுதான் பயங்கரம். பல கொலைகளுக்கு அந்தந்த ஊரிலேயே ஓர் ஆள் பிடிபட்டான், ஒப்புக்கொண்டான், தண்டனை பெற்றான். இப்படி ஒரு பாவமும் அறியாத 14 பேர் மிகசேவிச் செய்த கொலைகளுக்காகத் தண்டனை அடைந்தார்கள். ஒருவர் சிறையில் கண்பார்வை இழந்தார். நிக்கலாய் தெரேன்யா என்பவரை 1980-இல் சுட்டுக் கொன்றார்கள். அவரோடு வாழ்ந்த பெண்ணையும் பிடித்துப்போய், அவள் வாயாலேயே அவருக்கு எதிராகச் சாட்சியம் வாங்கியிருந்தார்கள்; அவளுக்கும் சிறை.

இந்த வழக்குகள் பலவற்றின் பின்னால் இருந்தவர் மிகயீல் ஜாவ்னெரோவிச் என்ற மூத்த புலனாய்வாளர். எடுத்த வழக்கு துலங்காமல் விட்டதே இல்லை, நூற்றுக்கு நூறு என்று பேர் வாங்கியவர். பிரெஞ்சு நாவல்களில் மேக்ரே என்று ஒரு துப்பறியும் அதிகாரி வருவார். இவரைப் 'பைலோரஷ்ய மேக்ரே' என்றே கொண்டாடினார்கள். புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் இவரிடம் பாடம் கேட்டார்கள். இவர் முறை என்ன? ஊரில் யாருக்குப் பேர் கெட்டிருக்கிறது, கொலை நடந்த அன்று யாரால் தான் இருந்த இடத்தை நிரூபிக்க முடியவில்லை என்று பார்த்து, அவனை உள்ளே வைப்பது. பிறகு பேரம். அந்த நாட்டுச் சட்டத்தில் சிறைக்கு உச்சம் பதினைந்து ஆண்டு, அதற்கு மேல் துப்பாக்கிக் குண்டு. ஒப்புக்கொண்டால் உயிர் மிஞ்சும், மறுத்தால் குண்டு என்று ஒருவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னால், குற்றமற்றவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதில் ஒன்றை நன்றாகக் கவனிக்கவேண்டும். அந்த 14 பேரின் வாக்குமூலங்களில் இருந்ததெல்லாம் விசாரணை அதிகாரிக்கு ஏற்கனவே தெரிந்த செய்திகள். பிணம் கிடந்த இடம், துணியின் நிறம், நேரம். கேள்வியிலேயே பதில் இருக்கிறது. கைதி அதைத் திருப்பிச் சொல்கிறான். அதிகாரிக்குத் தெரியாத ஒன்றைக் கைதி சொல்லி, அது மெய்யென்று தெரியவந்தால் அல்லவா அது ஒப்புதல்!

இந்த முடிச்சை அவிழ்த்தவரும் ஒரு புலனாய்வாளர்தான். நிக்கலாய் இக்னத்தோவிச், குடியரசு வழக்குத் துறையில் முக்கிய வழக்குகளைப் பார்த்தவர். பழைய கோப்புகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் படித்தார். இடம் ஒன்று, விதம் ஒன்று, நெரித்த வகை ஒன்று. ஆனால் தண்டனை பெற்றவர்கள் மட்டும் வேறு வேறு! இது ஒரே கை செய்த வேலை என்றார். அப்படிச் சொன்னதன் பொருள் என்ன? துலங்கிவிட்டதாகப் பதக்கம் வாங்கிய வழக்குகள் எல்லாம் பொய் என்பது. சக அதிகாரிகளும் மேலதிகாரிகளும் அவரை எப்படிப் பார்த்திருப்பார்கள்! பிறகு சிவப்பு நிற 'ஸாபரோஷெத்ஸ்' கார் ஒன்று சாட்சிகளின் பேச்சில் வந்தது. மாகாணத்தில் உள்ள அந்த வகைக் கார்களின் சொந்தக்காரர்களைச் சோதிக்கத் தொடங்கினார்கள். மிகசேவிச்சுக்கு வியர்த்தது. திசைதிருப்ப 'வீத்தெப்ஸ்க் தேசபக்தர்கள்' என்று கையெழுத்திட்டு உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் போட்டான். 1985-இல் ஒரு பிணத்தின் அருகிலும் அதேபோல் ஒரு சீட்டை வைத்தான். அந்தக் கையெழுத்துதான் அவனுக்கு வினையாயிற்று. இலட்சக்கணக்கான பேருடைய கையெழுத்து மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்த்து, அந்த ஆண்டு டிசம்பரில் அவனைப் பிடித்தார்கள். 1987-இல் மரண தண்டனை விதித்தார்கள்.

இக்னத்தோவிச் பின்னாளில் மக்கள் பிரதிநிதியானார், பெலாரஸின் தலைமை வழக்குத் துறைத் தலைவராகவும் ஆனார்; 1992-இல் காலமானார். ஜாவ்னெரோவிச் என்ன ஆனார்? அவர்மேல் வழக்குப் போட்டார்கள். புரட்சியின் எழுபதாவது ஆண்டு விழா வந்தது, பொதுமன்னிப்பு வந்தது, வழக்கு போயிற்று. ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்தார். மற்ற அதிகாரிகளிலும் உண்மையான தண்டனை அனுபவித்தவர்கள் மிகச் சிலரே.

நடுவில் ஒரு சினிமா விஷயம். சினிமா இல்லாமல் நம் கூட்டத்தில் எதையும் பேசி முடிக்க முடியுமா? 1979-இல் சோவியத் தொலைக்காட்சியில் 'சந்திக்கும் இடத்தை மாற்ற முடியாது' என்று ஒரு தொடர் படம் வந்தது. போர் முடிந்த 1945-இல் மாஸ்கோ துப்பறியும் பிரிவைப் பற்றியது. அதில் ஷெக்லோவ் என்ற அதிகாரியாகப் புகழ்பெற்ற பாடகர் விசோத்ஸ்கி நடித்தார். ஒரு பிக்பாக்கெட்டைப் பிடிக்க ஆதாரம் இல்லை. ஷெக்லோவ் பர்ஸை எடுத்து அவன் பையில் தானே போட்டுவிடுகிறார். திருடன் உள்ளே போகவேண்டும், அதை எப்படிச் செய்தால் என்ன என்பது அவர் நியாயம். கூட வேலைபார்க்கும் இளைஞன் ஷராப்போவ் இது தவறு என்கிறான். நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. ஷெக்லோவைத்தான் நாயகனாகத் தூக்கி வைத்துக்கொண்டது. அதே கதையில், கொலை செய்யாத ஒரு டாக்டரைத் தடயங்களை வைத்து உள்ளே தள்ளுகிறவரும் இந்த ஷெக்லோவ்தான். அதைப் பலர் மறந்துவிட்டார்கள். நம் படங்களில் இன்ஸ்பெக்டர் லாக்கப்பில் அடிக்கும்போது விசில் அடிக்கிறோமே, அந்த விசிலின் சத்தம் எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

அதே 1979-இல், ரஷ்யாவின் தெற்கே ரஸ்தோவ் மாகாணத்தில், ஷாக்தி என்ற சுரங்க நகரத்தில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1978 டிசம்பரில் ஒன்பது வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். அக்கம்பக்கத்தில் குடியிருந்த அலெக்சாந்தர் கிராவ்சென்கோ என்ற இளைஞரைப் பிடித்தார்கள். உக்ரைனிலிருந்து பிழைக்க வந்தவர். முன்பு சிறுவயதில் கொடிய குற்றம் ஒன்றைச் செய்து தண்டனை அனுபவித்தவர். அதை மறைக்க வேண்டியதில்லை. அவர் உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அன்று மாலை அவர் வீட்டில் இருந்தார். மனைவி சொன்னாள், மனைவியின் தோழி சொன்னாள். இருவரையும் மிரட்டிச் சாட்சியத்தை மாற்ற வைத்தார்கள். அவரும் ஒப்புக்கொண்டார். பிறகு, அடித்து வாங்கியது என்று மறுத்தார். மரண தண்டனை, பிறகு பதினைந்து ஆண்டு, மறுபடி மரண தண்டனை என்று வழக்கு மேலும் கீழும் போயிற்று. 1983-இல் சுட்டுவிட்டார்கள்.

உண்மையான கொலைகாரன் அந்திரேய் சிக்காத்திலோ. அன்றைக்கு அவன் அந்த ஊரில் தொழிற்பள்ளி ஆசிரியர், கட்சி உறுப்பினர். அவன் ரகசியமாக வைத்திருந்த குடிசையின் அருகே இரத்தத் துளிகள் கிடந்தன. சிறுமியோடு பேசிக்கொண்டிருந்தவனின் அடையாளத்தை ஒரு பெண் சொல்லி, படமும் வரைந்தார்கள். அவனைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். ஏற்கனவே ஓர் ஆள் கையில் இருக்கிறானே! அதன் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் அவன் ரயில் நிலையங்களிலும் மின்சார ரயில்களிலும் பெண்களையும் குழந்தைகளையும் ஏமாற்றி அழைத்துப்போய்க் கொன்றான். கடைசியில் நீதிமன்றம் உறுதிசெய்த கொலைகள் 52.

இங்கேயும் நடுவில் பலியானவர்கள் யாரென்றால், மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில் இருந்த வாலிபர்கள். 1983-இல் அவர்களைப் பிடித்தார்கள். ஒருவன் ஒப்புக்கொண்டான், பிறகு இன்னொருவன், இன்னொருவன். அவர்கள் உள்ளே இருக்கும்போதே வெளியே பிணங்கள் விழுந்தன. அப்போதும் உடனே விடவில்லை. கூட்டாளி வெளியே இருக்கிறான் என்றார்கள். மாகாண மிலீஷியாவின் விக்தர் புராக்கோவ் போன்ற சிலர்தான், இந்த வாலிபர்கள் சொல்வதில் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று பிடிவாதமாகச் சொன்னவர்கள். அதே புராக்கோவ் மனநல மருத்துவர் புகனோவ்ஸ்கியிடம் போய், முகம் தெரியாத இந்தக் கொலைகாரன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று எழுதி வாங்கினார். அந்நாட்டில் அது புதிய காரியம். 1984-இல் ஒருமுறை சிக்காத்திலோவே கையில் சிக்கினான். இரத்தப் பரிசோதனையில் வகை பொருந்தவில்லை என்று விட்டுவிட்டார்கள். சோதனைச்சாலைத் தாளிலும் பிழை வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

அவன் பிடிபட்ட விதத்தை ரயில்வேக்காரன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1990-இல் பெரிய ஸ்டேஷன்களில் எல்லாரும் பார்க்கும்படி சீருடைக் காவலர்களை நிறுத்தினார்கள். காட்டோரமான சின்ன ஸ்டேஷன்களில் மாற்றுடையில் ஆட்களை வைத்தார்கள். கூட்டத்தைப் பார்த்துப் பயந்து சின்ன இடத்துக்கு வருவான் என்பது திட்டம். நவம்பர் 6 அன்று தோன்லெஸ்கோஸ் என்ற நிறுத்தத்தில், காட்டுப் பக்கமிருந்து ஒருவன் வந்து கைகழுவினான். கன்னத்தில் சிவப்புக் கறை. அங்கே நின்ற சார்ஜெண்ட் தாள்களைப் பார்த்துப் பெயரைக் குறித்துக்கொண்டு அனுப்பினார். பிடிக்கக் காரணம் இல்லை. ஆனால் எழுதி வைத்தார். சில நாளில் அந்தக் காட்டில் ஒரு பிணம் கிடைத்தது. குறிப்புகளைப் புரட்டினார்கள், முன்பு விட்டுவிட்ட அதே பெயர்! நவம்பர் 20 அன்று கைது. முதல் ஒன்பது நாள் விசாரணையில் ஒன்றும் பெயரவில்லை. பத்தாவது நாள் மருத்துவர் புகனோவ்ஸ்கியை உள்ளே அனுப்பினார்கள். தான் எழுதிய குறிப்பை அவர் வாசித்துக் காட்டினார். அவன் உடைந்து பேசினான். பேசியபோது, அவர்கள் கணக்கிலேயே இல்லாத கொலைகளைச் சொன்னான். அவர்களுக்குத் தெரியாத இடங்களைக் காட்டினான், அங்கே எலும்புகள் இருந்தன. சற்றுமுன் சொன்னேனே, ஒப்புதல் என்றால் அது. 1994-இல் அவனுக்குத் தண்டனை நிறைவேறியது. கிராவ்சென்கோவின் தண்டனையை ரத்து செய்தார்கள். அவருக்குத்தான் அது தெரியாது.

இந்த வழக்குகளில் சிக்கியவர்களின் வரிசையைப் பாருங்கள். ஊருக்குப் புதியவன், சிறை மீண்டவன், மனவளர்ச்சி குன்றியவன். அந்த நாட்டில் உள்நாட்டிலேயே பாஸ்போர்ட் முறை இருந்தது, 1932 முதல். எந்த ஊரில் குடியிருக்கலாம் என்று தாளில் முத்திரை வேண்டும். கூட்டுப் பண்ணை விவசாயிகளுக்கு அந்தப் பாஸ்போர்ட்டே பொதுவாகக் கிடைக்காது. 1974-இல்தான் எல்லாருக்கும் தர முடிவெடுத்தார்கள். மாஸ்கோ ஆலைகளுக்கு வெளியூர்த் தொழிலாளர்களை அளவு வைத்து எடுத்து, விடுதிகளில் தங்கவைத்து, தற்காலிக முத்திரை கொடுத்தார்கள். அவர்களை 'லிமித்சிக்' என்று ஊர்க்காரர்கள் ஏளனமாக அழைத்தார்கள். முத்திரை இல்லாதவனை அந்த ஒரு காரணத்துக்காகவே பிடிக்கலாம். ஒருவனைப் பிடிப்பதற்குக் குற்றம் தேவையில்லை என்று வைத்துவிட்டால், பிடித்த பிறகு குற்றத்தைத் தேடிக்கொள்வதில் என்ன சிரமம்? மிகசேவிச்சிடமும் சிக்காத்திலோவிடமும் எல்லா முத்திரையும் இருந்தது, கட்சி அட்டையும் இருந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்பது வெள்ளைக்காரன் காலத்து 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்திலும் 23-ஆவது பிரிவில் அது இருக்கிறது. சோவியத் கைதிக்கு இல்லாத ஒரு கவசம் இது. ஆனால் கவசத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தால் அடி முதுகில்தான் விழும். பையனைக் கூட்டிப்போனால் வீட்டுப் பெண்கள் அழுதுகொண்டு ஸ்டேஷன் வாசலில் நிற்பதோடு விட்டுவிடக் கூடாது. சில காரியங்கள் செய்யவேண்டும்.

எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் கூட்டிப்போனார்கள் என்று உடனே ஒரு நோட்டில் எழுதுங்கள். கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் இருக்கவேண்டும். வீட்டார் ஒருவரோ அந்தப் பகுதிப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். 1996-இல் சுப்ரீம் கோர்ட் இப்படி உத்தரவு போட்டிருக்கிறது. பயண நேரம் நீங்கலாக இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். வக்கீலைப் பார்க்கும் உரிமை கைதான நேரத்திலிருந்தே உண்டு. கொலையோ திருட்டோ நடந்த அன்று பையன் வேலையில் இருந்திருந்தால் மஸ்டர் ரோல், கேட் பாஸ், டிக்கெட் எது இருந்தாலும் அன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள். கிராவ்சென்கோ வீட்டில் இருந்ததற்கு மனைவியும் அவள் தோழியும் சொன்ன வாய்ச்சொல்லைத் தவிர வேறு எழுத்து இல்லை. எழுத்தை மிரட்ட முடியாது.

சங்க அறையில் இதற்கென்று ஒரு பதிவேடு போட்டு வைத்திருக்கிறோம். பச்சை அட்டை போட்டது. மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. சாவி காவலாளி அண்ணனிடம். இரவு எந்த நேரமானாலும் வந்து எழுதலாம். எழுதத் தெரியாத தாய்மார்களுக்கு எழுதிக்கொடுக்க ஞாயிறு தவிர எல்லா நாளும் ஒரு தோழர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை நான் இருப்பேன். கேள்வி இருப்பவர்கள் இப்போது கேட்கலாம்.